மாத்திரைப் பக்கம்

என் வீட்டுக்காரருக்குப் புரோஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் இடுப்பு எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அப்புறம், வண்டியில் திரும்பும்போது வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த மனுஷர் இடுப்புக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார். லேத்தில் நின்று நின்று வந்த வலி என்றார். அடிக்கடி ஒன்றுக்கு எழுந்து போவதைச் சர்க்கரை என்றார். சர்க்கரை டெஸ்ட் பண்ணீங்களா என்றால் பண்ணிப்போட்டேன் என்றார். பண்ணவே இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு வீட்டை ஒட்டியே ஒரு லேத் பட்டறை. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. இவர் தனியாளாக ஒரு பழைய லேத்தை வாங்கிப்போட்டு ஆரம்பித்தது. பிறகு தம்பியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஆர்டர் பிடிப்பது, சரக்கு அனுப்புவது, ஆள்களுக்குச் சம்பளம் போடுவது என்று ஆபீஸ் வேலை முழுக்க என் கையில். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

விஷயம் தெரிந்த மறுநாள் கொழுந்தனார் ஆபீஸுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணி, யாராச்சும் கேட்டா டிஸ்க் பிரச்சனைன்னு சொல்லிப்போடுங்க."

"ஏன், கேன்சர்னு சொன்னா என்ன?"

"கேன்சர்னு சொல்லலாமுங்க. எங்கன்னு கேப்பாங்கல்ல. ஆம்பளைங்க சமாச்சாரமுங்க. அண்ணனுக்கு நல்லாவா இருக்கும்?"

அண்ணனும் அதையேதான் சொன்னார். அதனால் ஊருக்கு அவர் டிஸ்க் நோயாளி ஆனார். சொந்தபந்தம், ஒறம்பரை சனம் வரும்போதெல்லாம் ஒரு எண்ணெயும் ஒரு வைத்தியர் விலாசமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயிற்றில் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்திருந்தோம். ஆண் ஹார்மோனை அடக்குகிற ஊசி. உட்கார்ந்த இடத்தில் குப்பென்று வியர்த்துக் கொட்டும். மார்பு பெண்பிள்ளைக்குப் போல லேசாகத் திரண்டது. வெயில் காலத்தில் பனியனோடு பட்டறையில் நிற்கிற ஆள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். ஒரு நாள் தம்பி பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, மாப்பிள்ளையாட்டம் டிப்டாப்பா இருக்கறீங்க" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். நான் அந்தப் பக்கம் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஊசியும் அதோடு கொடுத்த மாத்திரையும் கொஞ்ச காலம் கேட்டன. பிறகு கேட்கவில்லை. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒரு எண் பார்ப்பார்கள், அது ஏற ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்துக்கான சோதனை நடக்கிறது என்று எங்களை அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் நிதானமான மனிதர். தலை நரைத்தவர். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"இந்த மருந்துல ரெண்டு பாகமுங்கம்மா. ஒண்ணு, இந்தப் புற்றுநோய் செல்லு எங்க இருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கும். அதோட வாலுல கட்டி வெச்சிருக்கறது கதிர்வீச்சு. ஒட்டுன எடத்துலயே நின்னு சுடும். பக்கத்துல அதிகம் போகாது. நரம்புல ஏத்துறதுதான். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை."

மருந்து போய் ஒட்டுமா என்று பார்ப்பதற்கே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் இவர் உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றது. இடுப்பில், விலாவில், முதுகெலும்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். "வெல்டிங் பொறி பட்ட சட்டையாட்டம் இருக்குதுங்க" என்றார் இவர். டாக்டர் சிரித்தார். புள்ளி நன்றாகத் தெரிவதே நல்லதுதான், மருந்து போய்ச் சேரும் என்று அர்த்தம் என்றார். எனக்கு மனசுக்குள் ஒரு மின்விசிறி போட்ட மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றார் டாக்டர். "சோதனையில சேர்றவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் இந்த மருந்து. மீதிப் பேருக்கு வேற ஹார்மோன் மாத்திரை. அது இப்ப எல்லாருக்கும் கொடுக்கறதுதான். யாருக்கு எதுன்னு நான் முடிவு பண்ண முடியாது. கம்ப்யூட்டர்தான் பிரிக்கும்."

"கம்ப்யூட்டருக்கு இவரைத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்கம்மா. தெரியக்கூடாதுங்கறதுதான் விஷயம்."

"எது நல்ல மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரிஞ்சா சோதனையே வேண்டியதில்லைங்களே."

"தெரியாமயா உங்க முகத்துல இத்தனை சந்தோசம்?"

இவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். இதே மாதிரி ஒரு மருந்தை வெளியே எங்காவது போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். இடம் சொன்னார், செலவையும் சொன்னார். பட்டறையை விற்றால் ஆகும். இவர் அதற்கு மேல் கேட்கவே விடவில்லை. சோதனையில் சேர்ந்துகொண்டோம். மாத்திரைப் பக்கம் விழுந்தாலும், நோய் வளர்ந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தால் அதற்குப் பிறகு கதிர் மருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு சொல்ல வரச்சொன்ன நாளில் ஹாலில் இன்னொரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். ஆனைமலையிலிருந்து விடியக்காலம் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வந்தவர்கள். அவருக்குத் தென்னந்தோப்பு. இவர் வயசுதான். அதே நோய், அதே சோதனை. அந்தம்மா ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை எங்களுக்கும் எடுத்து வைத்தார். சோதனையைக் கவனிக்கிற நர்ஸம்மா முதலில் அவர்களைக் கூப்பிட்டார். வெளியே வந்தபோது அந்தம்மாவின் கண் கலங்கியிருந்தது. "ஊசி மருந்து விழுந்திருக்குதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து நாங்கள் போனோம். மாத்திரை.

நர்ஸம்மா டப்பாவை நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றிங்க" என்றார். எதற்கு நன்றி? நான் அந்த நர்ஸம்மாவிடம் கத்தினேன். இங்கே என்ன ஏலச்சீட்டா நடத்துகிறீர்கள், அடுத்தவன் பேருக்கு விழுந்தது என்று கை தட்டிவிட்டுப் போவதற்கு என்று கேட்டேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"அவங்க என்ன பண்ணுவாங்க அம்மணி? யாருக்காச்சும் கெடைக்கணும்ல. அந்த மனுசனுக்குக் கெடைச்சிருக்குது."

"நல்லாருக்கட்டும். உங்களுக்கு ஏன் கெடைக்கலைன்னு நான் கேக்கக் கூடாதா?"

"யாருகிட்டக் கேப்பே?"

அதுதான் என் பிரச்சனையே. கேட்பதற்கு ஆள் இல்லாத கோபம் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். குக்கர் மூடியில் காட்டினேன், மாவு ஆட்டுகிறபோது காட்டினேன், லாரி சர்வீஸ்காரனிடம் போனில் காட்டினேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களில் ஆனைமலைக்காரர்களைப் பார்த்தால் வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தம்மா என்னைத் தேடுவதும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கு வரவேண்டியதை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

மாத்திரை இவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அசதிதான் ஏறியது. இடுப்பு வலி தொடைக்கு இறங்கியது. மூன்றாம் மாச ஸ்கேனுக்குப் போனபோது நான் வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் மோசமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்போதுதானே அந்த மருந்து கிடைக்கும். கட்டின புருஷனுக்கு நோய் முற்றட்டும் என்று கேட்க வைத்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வேண்டிக்கொண்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புதுசா புள்ளி தெரியுதுங்க. ஆனா எலும்புல ஒரு தடவை தெரியறதை மட்டும் வெச்சு வளர்ந்துருச்சுன்னு எடுத்துக்க முடியாது. அடுத்த ஸ்கேன்லயும் கூடுதலா வந்தாத்தான் கணக்கு. படத்தைப் பார்த்து முடிவு சொல்றவங்களும் நாங்க இல்லைங்க. வெளிநாட்டுல தனியா ஆள் இருக்காங்க."

"அப்ப இது போதாதுங்களா?"

"இன்னும் போதாதுங்கம்மா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "இந்த மனுசன் ஷூ போடக் குனிய முடியாம நான் போட்டுவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கறேன். இன்னும் எவ்வளவு வேணுமுங்க உங்களுக்கு? தூக்கிட்டு வரணுமா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினாலாவது பரவாயில்லை. அவர் மெதுவாக, "உங்க எடத்துல நான் இருந்தாலும் இதையேதான் கேப்பேன்" என்றார். அது என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நல்ல மனிதரைத் திட்டுவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை.

இன்னொரு ஸ்கேன் வரைக்கும் காத்திருந்தோம். அதற்குள் வலி மாத்திரை மாறி, மார்ஃபின் என்றார்கள். பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டு ஜன்னல் பக்கத்தில் படுத்துக்கொண்டு, லேத் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மிஷினில் டூல் மழுங்கியிருக்கிறது என்று எனக்குச் சொல்வார். நான் போய் ஆளைச் சத்தம் போடுவேன்.

அடுத்த ஸ்கேன் போதுமான அளவுக்கு மோசமாக வந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று நர்ஸம்மாவே போனில் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது உறைத்தது.

மருந்து விமானத்தில் வரும். ஈயப் பாத்திரத்துக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். வருகிற வழியிலேயே அதன் வீரியம் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு நாள் தவறினால் போச்சு. முதல் தடவையே விமானம் வரவில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடி போனபோது ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை மாசம் எதற்காகக் காத்திருந்தோமோ அது டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அப்புறம் கனத்த கதவு போட்ட தனி அறை. தனிக் கக்கூஸ். அந்தத் தண்ணீர்கூடத் தனித் தொட்டியில் நின்றுதான் வெளியே போகும் என்றார்கள். நான் உள்ளே போகக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டீங்களா என்று கையால் கேட்டேன். வாய் வறட்சியாக இருக்கிறது என்று அவர் நாக்கை நீட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகவே சொன்னார்கள். சில நாள்கள் சின்னக் குழந்தைகள், கர்ப்பமாக இருக்கிறவர்கள் பக்கத்தில் நெருங்கி உட்கார வேண்டாம். கக்கூஸில் உட்கார்ந்தே போகவும், இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எல்லோரையும்போல இருக்கலாம்.

இரண்டாவது தடவை ஏற்றிய பிறகு வலி இறங்க ஆரம்பித்தது. நம்புகிற மாதிரியே இல்லை. ஒரு காலையில் தானாகவே குனிந்து செருப்பு மாட்டினார். மார்ஃபினைக் குறைத்தார்கள். ரத்தத்தில் எண் சரசரவென்று இறங்கியது. சொன்ன நாள்கள் எல்லாம் தாண்டி ஒரு மாசம்போல ஆனதும், "பட்டறையை எட்டிப் பார்த்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். போன கொஞ்ச நேரத்திலேயே வேக வேகமாக வீட்டுக்குத் திரும்பி வந்து பாத்ரூமுக்குள் போனார். வேட்டி நனைந்திருந்தது.

என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அந்த மனுஷர் ஒன்றுமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பட்டறைக்குப் போனேன். பின்பக்கக் கக்கூஸ் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. ஆள்களுக்குப் பக்கத்து ஷெட்டில் வேறு ஏற்பாடு. கொழுந்தனார் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யார் பூட்டுனது?"

"நாந்தாங்க அண்ணி. ஆளுங்க பயப்படறாங்க. கதிர்வீச்சு அது இதுங்கறாங்க. அண்ணன் வந்தா இதுல போவாருன்னு..."

"டிஸ்க் பிரச்சனைக்குக் கதிர்வீச்சுன்னு ஆளுங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்ல வெட்கம். கக்கூஸைப் பூட்ட வெட்கமில்லையா? சாவி குடுங்க."

"ஊட்ல இருக்குதுங்க. பொழுதோட எடுத்தாறேன்."

பொழுதோடயாம், சாயங்காலமாம்! சுவர் ஓரம் கட்டிங் மிஷின் கிடந்தது. இந்தப் பட்டறையில் இத்தனை வருஷம் ஆபீஸில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, எனக்கும் அது பிடிக்கத் தெரியும். ஒயரை இழுத்து மாட்டி, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு பூட்டின் வளையத்தில் வைத்தேன். பொறி பறந்தது. ஆள்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பூட்டு கீழே விழுந்ததும் எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். "உங்க மொதலாளிக்குப் புரோஸ்டேட் கேன்சர். ஆம்பளைங்களுக்கு வர்ற சீக்கு. உங்கள்ல யாருக்கு வேணாலும் வரும். ஒண்ணுக்குப் போறதுல தொந்தரவு இருந்தா ஸ்பிரே அடிச்சுட்டு இருக்காம டாக்டர்கிட்டப் போங்க."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மானம் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடி போட்டுக்கிட்டு அறுத்தியா, இல்லியா?" என்றார். போடவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன். மறுநாள் பட்டறைக்குப் போனார். கடைசல் பிடிக்கிற ஆள் ஒருவர் அவரிடம் வந்து, தனக்கும் கொஞ்ச நாளாக அப்படித் தொந்தரவு இருக்கிறது என்று தனியாகச் சொன்னாராம்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா மூலமாக விஷயம் தெரிந்தது. ஆனைமலைக்காரர் தவறிவிட்டார். முதல் நாளிலேயே மருந்து விழுந்தவர். எனக்கு நம்ப முடியவில்லை. இவர் போக வேண்டும் என்றார். நான் மறுக்க நினைத்து மறுக்கவில்லை. காரில் போனோம். இவர் தோப்பு வீட்டு ஆண்களோடு வாசல் பந்தலில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போனேன். அந்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். முகம் திருப்பிக்கொண்டு போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மருந்து மொதத் தடவையே கேக்கலீங்க" என்றார். "சில பேருக்கு ஒட்டுற எடத்துல ஒட்டும், மத்த எடத்துல நோய் தப்பிச்சு வளரும்னாங்க. ஈரலுக்குப் போயிருச்சு. வாய் வறண்டு வறண்டு ஒரு வாய் சோறு எறங்கலீங்க. கடைசியில தண்ணியே எறங்கல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா நெனைக்காதீங்க. உங்களைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியுமுங்க. அவருக்கு வெறும் மாத்திரையோட போச்சே, நம்ம மனுசனைக் கொண்டுபோய்க் கண்ணாடி ரூமுக்குள்ள போட்டு இப்படிச் சுடறாங்களேன்னு. அந்தக் கம்ப்யூட்டர் நாசமாப் போகன்னு சாபம் உட்டிருக்கறேன்."

"நானும் உட்டிருக்கறேனுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. அதனால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன்.

எது நல்ல மருந்து என்று தெரியாததால்தான் சோதனை என்று டாக்டர் சொன்னது பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரிடம் நேராகவே கேட்டேன். "முதல்லயே எங்களுக்கு இது விழுந்திருந்தா, இவரு இன்னும் நல்லா இருந்திருப்பாருங்களா?"

"தெரியாதுங்கம்மா."

"எப்பத் தெரியும்?"

"இவருக்குன்னு எப்பவும் தெரியாதுங்க. இவரு மாதிரி ரொம்பப் பேரைச் சேர்த்துப் பார்த்தா, இனி வர்றவங்களுக்குத் தெரியும்."

மாத்திரைப் பக்கம் விழுந்து, வலியில் ஷூ போட முடியாமல் கிடந்த மாசங்கள் எல்லாம் யாரோ ஒருவருக்குக் கணக்குப் பார்க்க உதவும். அது நியாயம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். யாராவது கணக்காக நின்றால்தானே மருந்து வரும் என்கிறார். இருக்கலாம். ஆனால் நோய் வளர்ந்துவிட்டது என்று உறுதிப்படுத்த இரண்டு ஸ்கேன் வேண்டும் என்று எழுதினவர் யாரோ, அவர் அந்த இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் எங்கள் வீட்டில் வந்து ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அப்படியே எழுதினால் ஒத்துக்கொள்கிறேன்.

மருந்து ஏற்றுவது எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டது. இவர் காலையில் பட்டறைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறார். வாய் இன்னும் வறண்டுதான் இருக்கிறது. ரசத்தில் கரைத்துத்தான் சோறு இறங்குகிறது. போன தடவை எண் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான் என்றார் டாக்டர். கொழுந்தனாரோடு நான் சரக்கு விஷயம் தவிர வேறு பேசுவதில்லை. இவர் பேசுகிறார்.

ஆனைமலை அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணுகிறார். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். சொல்வேன். பிறகு இரண்டு பேரும் திட்ட ஆரம்பிப்போம். சரக்கு விலையை, தேங்காய் பறிக்க வராத ஆளை, எண்ணெய் வைத்தியம் சொன்ன ஒறம்பரையை, வலியை வாய் திறந்து சொல்லாத ஆம்பளைகளை. போன வாரம் அவர் அந்த ஆம்பளைகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் வந்து, யாருடன் இவ்வளவு நேரம் என்று சைகையில் கேட்டார். போனை இவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டவர், "சரிங்க, சரிங்க, நான் எங்கீங்க வலியை மறைச்சேன்?" என்று திணறிக்கொண்டே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.